இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள்.
முதல் இரண்டுக்கும் அட்டவணை போட்டுப் பதில் எழுதிவிட்டேன்.
திட்ட விலக்கம் திருத்தியாயிற்று.
கட்டுப்பாட்டுக் குழு ஏன் இல்லை என்பதற்கு ஒரு பத்தி.
எங்கள் கல்லூரியில் கணிதத்துக்கு
ஒரே ஒரு வகுப்புதான் ஐயா,
அல்லது அம்மா.
உங்கள் பெயரை என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது:
"தொடக்கத்தில் முப்பத்து நான்கு மாணவர்கள்,
முடிவில் முப்பத்தொன்று.
மற்ற மூவர் என்ன ஆனார்கள்?"

பாடாங் செராயில் மணி பதினொன்று.
மாமாக் கடைத் தொலைக்காட்சியில் பந்தாட்டம்,
மடிக்கணினிக்குப் பக்கத்தில் தே ஓ ஆறிக் கிடக்கிறது.
காற்று திரும்பினால்
ஆலையில் செம்பனைக் குலை வேகும் வாடை
இங்கே வரைக்கும் வரும்.
உங்கள் ஊரில் இப்போது பகலா?

சுபாங்கிக்குத் தைப்பிங்கில் தாதிமைப் படிப்பு கிடைத்தது, போய்விட்டாள்.
ஹஸ்வினி ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் தந்தாள்:
"என் மார்க்கு எதுக்கு மிஸ் ஊருக்கெல்லாம்?"
நியாயம்தானே.

மூன்றாவது ஆள் யுகேந்திரன்.

'மாணவர்கள் தத்தம் சொந்தக் கருவிகளில் செயலியைப் பயன்படுத்தினர்'
என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறதே,
அதில் ஒரு கருவி அவன் கைப்பேசி.
மூலையிலிருந்து மூலைக்கு விரிசல்.
ஆய்வகத்தில் இருபது கணினி, ஓடுவது பதினொன்று.
அவன் வந்து சேர்வதற்குள் பதினொன்றும் நிறைந்துவிடும்.

மூன்றாம் வாரம்.
நகர்த்தியைப் பிடித்து இரண்டை நோக்கித் தள்ளுங்கள் என்றேன்.
வளைகோடு எழுந்தது,
எல்லாத் திரையிலும் ஒரே இழையாக.
பின்வரிசையிலிருந்து ஒரு கை:
"மிஸ், எனக்கு இந்த எடத்துல கோடு அறுந்து போகுது.
சார்பு தொடர்ச்சி இல்லையா,
இல்ல என் ஸ்கிரீனா?"
வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன், அது நான்காம் அட்டவணையில் இல்லை.

அவன் சிரிக்கவில்லை.
ஒரு விரலால் வரைபடத்தை இழுத்து
இடப்பக்கம் கொண்டுபோனான்.
அறுந்த இடம் சேர்ந்தது,
சேர்ந்திருந்த வேறோரிடம் அறுந்தது.
"கோடு நகருது, விரிசல் நகரல.
அப்ப போன்தான் மிஸ்."
இவ்வளவு சுத்தமான நிரூபணத்தை
நான் எந்த விடைத்தாளிலும் திருத்தியதில்லை.

ஒன்பதாம் வாரம் அவன் நாற்காலி காலி.
பத்தாம் வாரமும்.
ஆலையின் எடைமேடையில் இரவு வேலை என்றார்கள்.

போன வியாழன் ஒரு குரல்பதிவு வந்தது,
பின்னால் லோரி உறுமல்:
"மிஸ், லோரி ஏறி நின்ன உடனே நம்பர் ஆடுது.
கூட, கொறைய, கூட, கொறைய,
அப்புறமா ஒண்ணுல நிக்குது.
நின்னப்புறம்தான் நான் எழுதணும்.
எனக்கு ஒரு சந்தேகம்,
அது நிக்கப்போற நம்பரு
நிக்கிறதுக்கு முந்தியே இருக்குதா?"

நான்கு நாளாகப் பதிலைத் தட்டுகிறேன், அழிக்கிறேன்.
எல்லையின் வரையறையை அனுப்பலாம்.
அனுப்பினால் அவன் கேட்டது அது இல்லை.

இது தரவு ஆகாது, தெரியும்.
ஆய்வுக்காலம் முடிந்த பிறகு வந்தது.
செயலி எதுவும் பயன்படுத்தப்படவில்லை.
படிவத்தில் அவன் கையெழுத்து இருக்கிறது,
ஆனால் இந்தக் கேள்விக்காக அல்ல.
ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:
'மூவர் தனிப்பட்ட காரணங்களால் விலகினர்.'
ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

கட்டுரை வெளிவந்தால் படிக்கக் கட்டணம்
நாற்பத்திரண்டு டாலராம்.
எடைமேடைக் கணக்கில் இரண்டரை இரவு.
என் கல்லூரிக்கும் அந்த ஆய்விதழ் சந்தா இல்லை.

திருத்திய பிரதியை ஏற்றுகிறேன்.
பட்டை நீள்கிறது,
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது,
அங்கேயே நிற்கிறது.
கடைக்காரர் நாற்காலிகளை
மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.
என் மேசைக்கு இன்னும் வரவில்லை.